கையில் இருப்பது ஆஸ்பிரின்தானா? ஒளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது எப்படி

சாலிசிலிக் அமிலத்தோடு அசெட்டிக் அன்ஹைட்ரைடைச் சேர்த்து, சில துளி கந்தக அமிலம் விட்டு, வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, ஆறவைத்து வடிகட்டினால் வெள்ளைப் பொடி ஒன்று கிடைக்கும். வேதியியல் மாணவர்கள் பலர் தம் கையால் தயாரிக்கும் முதல் மருந்து அதுதான். சிக்கல் என்னவென்றால், போட்ட பொருளும் வெள்ளை, கிடைத்த பொருளும் வெள்ளை. வினை முழுதாக நடந்ததா, பாதியில் நின்றதா, கழுவாமல் விட்ட அமிலம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உருகுநிலை ஓரளவு உதவும். ஆஸ்பிரின் 135 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும், சாலிசிலிக் அமிலத்துக்கு 158 வரை போக வேண்டும். ஆனால் உருகுநிலை ‘ஏதோ சரியில்லை’ என்பதோடு நின்றுவிடும். எது சரியில்லை என்று தெரிய வேண்டுமென்றால் நிறமாலை எடுக்க வேண்டும்.

நிறமாலையியலுக்குப் புதிதாக வருபவர்கள் பாடப்புத்தகத்தில் ஐந்தாறு கருவிகளை வரிசையாகப் படித்துவிட்டு, எதை எப்போது எடுப்பது என்று தெரியாமல் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் இங்கே இந்த ஒரே பொடியைக் கடைசிவரை விடாமல் பின்தொடர்வோம். வழிநெடுக ஒரு பழக்கத்தை வலியுறுத்துவேன்: வரைபடத்தில் என்ன பீக் (உட்கவர்தலைக் காட்டும் மேடு அல்லது பள்ளம்) இருக்கிறது என்று தேடும் முன், எந்த பீக் இருக்கக் கூடாது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் தெரியும் பீக்குக்குப் பத்துக் காரணங்கள் இருக்கலாம். இருந்தே தீர வேண்டிய இடத்தில் பீக் இல்லையென்றால், அந்தப் பிணைப்பு அங்கே இல்லை, அல்லது கருவிக்குத் தெரியாத அளவுக்குக் குறைவாக இருக்கிறது. முடிவு இரண்டில் ஒன்றுதான்.

ஒளி மூலக்கூறை என்ன செய்கிறது

ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை அந்த ஊஞ்சல் போய்வரும் தாளத்தோடு ஒத்துத் தள்ளினால்தான் உயரம் ஏறும். தாளம் தப்பினால் எவ்வளவு பலமாகத் தள்ளியும் பயனில்லை. மூலக்கூறும் அப்படித்தான். தனக்குள் நிகழக்கூடிய ஓர் அசைவுக்கோ தாவலுக்கோ தேவையான ஆற்றல் கொண்ட ஒளியை மட்டும் எடுத்துக்கொள்ளும். மற்றதை அப்படியே கடந்துபோக விடும். எந்த ஒளி குறைந்தது என்று அளந்து வரைந்தால் அதுதான் உட்கவர் நிறமாலை.

ஒளியின் ஆற்றலைப் பொறுத்து மூலக்கூறில் நடப்பது மாறும். 200 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதாவும், அதற்கு மேல் ஏறத்தாழ 700 வரையிலான கண்ணுக்குத் தெரியும் ஒளியும் எலக்ட்ரான்களை மேல்நிலைக்குத் தூக்கும். அகச்சிவப்புக்கு அவ்வளவு ஆற்றல் இல்லை. அது பிணைப்புகளை நீட்டும், மடக்கும். மைக்ரோ அலை வாயு மூலக்கூறுகளைச் சுழற்றும். ரேடியோ அலை இன்னும் மெலிந்தது. வலுவான காந்தப்புலத்துக்குள் வைத்தால் அணுக்கருவின் தற்சுழற்சியைப் புரட்ட மட்டும் போதுமானது. ஒவ்வொரு வீச்சும் மூலக்கூறிடம் வெவ்வேறு கேள்வியைக் கேட்கிறது. எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று முடிவுசெய்த பிறகுதான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கருவிக்கு முன்னால் ஒரு செருப்புப் பெட்டி

ஆய்வகம் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு காலிச் செருப்புப் பெட்டி, ஒரு பழைய சிடி, பிளேடு, கறுப்பு டேப் போதும். பெட்டியின் ஒரு பக்கத்தில் பிளேடால் மெல்லிய செங்குத்துப் பிளவு ஒன்று போடுங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பிளவு மெலிய மெலியக் கோடுகள் தெளிவாகும். எதிர்ப்பக்கத்தில் சிடியைப் பிளவைப் பார்த்தவாறு சாய்த்து ஒட்டுங்கள். அதை மேலிருந்து பார்க்க ஒரு கண்துளை. மற்ற இடுக்குகளையெல்லாம் கறுப்பு டேப்பால் அடைத்துவிடுங்கள். சிடியில் 1.6 மைக்ரான் இடைவெளியில் ஓடும் தடங்கள்தான் ஒளியைப் பிரிக்கும் கீற்றணியாக வேலை செய்கின்றன. சூரியனை நோக்கி மட்டும் ஒருபோதும் பிடிக்காதீர்கள்.

வெள்ளை எல்இடி விளக்கை இதில் பார்த்தால் நீலத்தில் ஓர் அடர்ந்த பகுதியும், அதைத் தொடர்ந்து பச்சையிலிருந்து சிவப்பு வரை படர்ந்த ஒளியும் தெரியும். பழைய சிஎஃப்எல் பல்பைப் பார்த்தால் தனித்தனிக் கோடுகள். அதில் பளிச்சென்ற பச்சைக் கோடு பாதரசத்தினுடையது, 546 நானோமீட்டர். கேஸ் அடுப்புத் தீயில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் தீ மஞ்சளாகும். பெட்டிக்குள் அந்த மஞ்சள் ஒரே கோடாக நிற்கும். சோடியத்தின் 589.0, 589.6 என்ற இரண்டு கோடுகள் அவை. நம் பெட்டிக்கு அவற்றைப் பிரித்துக் காட்டும் திறன் இல்லை.

இந்த எளிய பார்வையில்தான் இந்தத் துறையே பிறந்தது. ஹைடல்பெர்க்கில் கிர்ச்சாஃபும் புன்சனும் கனிம நீரூற்றின் உப்பைத் தீயில் காட்டி, தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத நீலக் கோடுகளைக் கண்டு 1860இல் சீசியத்தையும், மறு ஆண்டு சிவப்புக் கோடுகளைக் கண்டு ருபீடியத்தையும் அறிவித்தார்கள். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தை, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு வந்து நிறமாலைமானியால் ஆராய்ந்தார் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென். அதே ஆண்டு இங்கிலாந்தில் வானியலாளர் லாக்கியர் சூரிய விளிம்பில் தெரிந்த மஞ்சள் கோட்டை அளந்தார். அது சோடியத்தின் இடத்தில் இல்லை, 587.6இல் இருந்தது. ஒன்றரை நானோமீட்டர்கூட வித்தியாசமில்லை. ‘கிட்டத்தட்ட சோடியம்தான்’ என்று விட்டிருந்தால் ஹீலியம் அன்றைக்குக் கைநழுவியிருக்கும். பூமியில் அதை வேதியியலாளர் ராம்சே பிரித்தெடுக்க 1895 வரை ஆயிற்று.

நாம் இங்கே கண்டவை தனி அணுக்கள் தரும் கோடுகள். மூலக்கூறுகள், அதுவும் கரைசலிலும் திண்மத்திலும் இருப்பவை, இப்படி மெல்லிய கோடு தருவதில்லை. அதிர்வுகளும் அக்கம்பக்கத்து மூலக்கூறுகளின் தாக்கமும் சேர்ந்து கோட்டை அகன்ற மேடாக்கிவிடும். ஆய்வகத்தில் முதல் வரைபடத்தைப் பார்க்கும்போது கோடுகளை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

முதல் கேள்வி: என்னென்ன பிணைப்புகள் இருக்கின்றன?

இதற்கு அகச்சிவப்பு, ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வதுபோல் ஐஆர். பிணைப்பை ஸ்பிரிங்காகவும் அணுக்களை அதன் இரு முனையில் இருக்கும் எடைகளாகவும் நினைத்துக்கொண்டால் கணக்கு ஏறத்தாழச் சரியாக வரும். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் அதிர்வெண் கூடும், எடை கூடினால் குறையும். கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு 3000 செ.மீ⁻¹ வாக்கில் அதிரும் (ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை அலைகள் என்ற கணக்கு இது, பெயர் அலை எண்). ஹைட்ரஜனுக்குப் பதில் இருமடங்கு எடையுள்ள டியூட்டேரியத்தை வைத்தால் 2200 வாக்குக்கு இறங்கிவிடும். கார்பன்களுக்கிடையே முப்பிணைப்பு 2100–2260இலும், இரட்டைப் பிணைப்பு 1650 வாக்கிலும் வருவதற்கும் இதுவே காரணம். இந்தத் தர்க்கம் பிடிபட்டால் அட்டவணையைப் பாதி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கருவியில் உட்காரும் முன் காகிதத்தில் இரண்டு வேலை. ஆஸ்பிரினில் 9 கார்பன், 8 ஹைட்ரஜன், 4 ஆக்சிஜன். கார்பன் எண்ணிக்கையை இரட்டித்து 2 கூட்டி, ஹைட்ரஜன் எண்ணிக்கையைக் கழித்து, இரண்டால் வகுத்தால் 6 வரும். மூலக்கூறில் உள்ள வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் சேர்ந்த எண்ணிக்கை அது. பென்சீன் வளையத்துக்கு 4, இரண்டு கார்போனைல்களுக்கு (கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகளுக்கு) 2, கணக்கு சரி. ஆக, இரண்டு கார்போனைல் பீக்குகள் இருக்க வேண்டும். அடுத்தது, இருக்கக் கூடாதது: சாலிசிலிக் அமிலத்தில் வளையத்தோடு ஒட்டியிருக்கும் ஃபீனால் ஹைட்ராக்சில் தொகுதி. வினையில் காணாமல் போக வேண்டியது அதுதான். அது 3240 வாக்கில் தலைகாட்டும். இந்த இரண்டையும் நோட்டில் எழுதிவிட்டு எழுந்திருங்கள்.

இப்போது சாம்பிள் தயாரிப்பு. புதியவர்களின் வரைபடம் பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. பொட்டாசியம் புரோமைடு வில்லை முறையென்றால், ஏறத்தாழ 1 மில்லிகிராம் பொடிக்கு 100 மில்லிகிராம் புரோமைடு. அகேட் உரலில் போட்டு, துகள்கள் கண்ணுக்குத் தெரியாமல் மாவாகும்வரை அரைக்க வேண்டும். துகள் பெரிதாக இருந்தால் ஒளி சிதறி, பேஸ்லைன், அதாவது வரைபடத்தின் அடிக்கோடு, ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். அரைத்ததை அச்சில் போட்டு அழுத்தினால் கண்ணாடிபோல் தெளிந்த வில்லை வர வேண்டும். வெண்மையாக, மங்கலாக வந்தால் மறுபடி அரைப்பதுதான் வழி. அந்த வில்லையைக் கருவியில் வைத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

பொட்டாசியம் புரோமைடு ஈரத்தை இழுக்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று கடற்கரை ஊர்களில் இது தீராத தலைவலி. இழுத்த ஈரம் 3400 வாக்கில் அகன்ற மேடாகவும், 1640 வாக்கில் சிறிய மேடாகவும் தெரியும். நாம் இருக்கக் கூடாது என்று எழுதி வைத்த 3240க்குப் பக்கத்திலேயே அந்த முதல் மேடு! ஈரமான வில்லையை வைத்துக்கொண்டு, ‘ஃபீனால் மிச்சம் இருக்கிறது, வினை முடியவில்லை’ என்று எழுதிவிடுவது மிக எளிது. புரோமைடை 110 டிகிரி அடுப்பில் உலர்த்தி, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில்) வைத்துப் பயன்படுத்துங்கள். சந்தேகம் வந்தால் பொடியே சேர்க்காத வெறும் புரோமைடு வில்லை ஒன்று செய்து ஓட்டிப் பாருங்கள். அதிலும் அந்த மேடு வந்தால் குற்றவாளி தண்ணீர்தான்.

இப்போது பல ஆய்வகங்களில் ஏடிஆர் துணைக்கருவி வந்துவிட்டது. வைரப் படிகத்தின் மேல் ஒரு சிட்டிகை பொடியை வைத்து அழுத்தினால் போதும், அரைக்க வேண்டாம், வில்லை வேண்டாம். வாய்ப்பிருந்தால் இதையே எடுங்கள். படிகத்தை முன்னும் பின்னும் துடைப்பதில் மட்டும் சோம்பல் கூடாது, முந்தையவர் வைத்த சாம்பிள் உங்கள் வரைபடத்தில் ஏறிவிடும். எந்த முறையானாலும் பின்னணி அளவீட்டைச் சாம்பிளுக்குச் சற்று முன்பே எடுத்துவிடுங்கள். 2350 வாக்கில் இரட்டைக் கொம்பாக ஏதாவது தெரிந்தால் பதற வேண்டாம். அது காற்றிலும், கருவியின் மேல் குனிந்து பார்க்கும் உங்கள் மூச்சிலும் இருக்கும் கார்பன் டைஆக்சைடு.

வரைபடம் வந்ததும் இடமிருந்து வலமாகப் படியுங்கள். ஐஆர் வரைபடத்தில் அலை எண் இடப்பக்கம் அதிகம், பீக்குகள் கீழ்நோக்கித் தொங்கும். முதலில் 3600 முதல் 2500 வரை. ஆஸ்பிரினில் இன்னொரு அமிலத் தொகுதி அப்படியே இருப்பதால் 3300 தொடங்கி 2500 வரை அகன்ற, ஒழுங்கற்ற பள்ளம் இருக்கும். இரண்டு மூலக்கூறுகளின் அமிலத் தொகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொள்வதால் வரும் அகலம் அது. அதன் இடது ஓரத்தில், 3240 வாக்கில், தனியாக ஒரு பீக் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நல்ல செய்தி.

பிறகு நேராக 1800–1600க்குப் போங்கள். ஐஆரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு தகவல் வேறெங்கும் கிடையாது. ஆஸ்பிரினில் இங்கே இரண்டு கூர்மையான பீக்குகள்: 1750 வாக்கில் புதிதாக வந்த எஸ்டரின் கார்போனைல், 1690 வாக்கில் அமிலத்தின் கார்போனைல். சாலிசிலிக் அமிலத்திலோ ஒன்றுதான், அதுவும் 1660 வாக்கில். மூன்றும் ஒரே கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு. இடம் மட்டும் ஏன் மாறுகிறது? சாலிசிலிக் அமிலத்தில் பக்கத்திலேயே இருக்கும் ஃபீனால் ஹைட்ரஜன் கார்போனைல் ஆக்சிஜனைப் பிடித்து இழுத்து, பிணைப்பைத் தளர்த்திவிடுகிறது. ஆஸ்பிரினில் அந்த ஹைட்ரஜன் போய்விட்டதால் அமிலக் கார்போனைல் சற்று மேலேறுகிறது. எஸ்டரில் இடையிலுள்ள ஆக்சிஜன் தன் எலக்ட்ரான்களை வளையத்தோடும் பகிர்ந்துகொள்வதால் கார்போனைல் இன்னும் விறைக்கிறது. ஒரு பீக் நகர்ந்த தூரத்தைக் கொண்டே அக்கம்பக்கம் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

1500க்குக் கீழே இருப்பது கைரேகைப் பகுதி. 21 அணுக்கள் கொண்ட ஆஸ்பிரினுக்கு 57 அதிர்வு வகைகள் உண்டு, பெரும்பாலானவை இங்கேதான் குவிந்து கிடக்கும். ஒவ்வொரு பீக்குக்கும் பெயர் வைக்க முயல்வது வீண் வேலை. நம்பகமான ஆஸ்பிரின் வரைபடம் ஒன்றை மேலே வைத்து மொத்தமாக ஒப்பிடுங்கள். பொருந்தினால் பொருள் அதேதான்.

இங்கே ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 3240இல் ஒன்றும் இல்லை என்றால் ஃபீனால் அறவே இல்லை என்று பொருளல்ல. நூற்றுக்கு ஒரு பங்கு, இரண்டு பங்கு கலப்பை ஐஆர் வழக்கமாகக் காட்டிக்கொடுக்காது. அதற்கு அடுத்த கேள்வி.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு கலப்பு இருக்கிறது?

ஃபெரிக் இரும்புக் கரைசலில் சாலிசிலிக் அமிலம் பட்டால் ஊதா நிறம் வரும். ஃபீனால் தொகுதி மூடப்பட்ட ஆஸ்பிரினுக்கு அந்த நிறம் வராது. கண்ணால் பார்த்தே ‘இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். ‘எவ்வளவு’ என்பதற்குத்தான் யுவி–விசிபிள் கருவி. கரைசல் ஊதாவாகத் தெரிவதற்குக் காரணம் அது பச்சையை விழுங்கிவிடுவது. அதனால் அளக்க வேண்டிய இடம் பச்சைப் பகுதி, 530 நானோமீட்டர் வாக்கு. அலைநீளத்தை மாற்றி மாற்றி ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்த்து, மேட்டின் உச்சி உங்கள் கரைசலில் துல்லியமாக எங்கே வருகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

கணக்கின் அடிப்படை பீர்–லாம்பர்ட் விதி: உட்கவர்திறன் என்பது செறிவையும், ஒளி கடக்கும் பாதை நீளத்தையும், அந்தச் சேர்மத்துக்கே உரிய மோலார் உட்கவர்திறனையும் பெருக்கினால் வருவது. கரைசலை ஊற்றிக் கருவியில் வைக்கும் சிறு சதுரக் குப்பிதான் குவெட், அதன் அகலம் வழக்கமாக 1 செ.மீ. உட்கவர்திறன் மடக்கை அளவு என்பதை மறக்க வேண்டாம். 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் மறுபக்கம் வருகிறது, 2 என்றால் நூற்றில் ஒரு பங்கு. 3ஐ நெருங்கினால் கருவிக்குள் அலையும் உதிரி ஒளியைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். 0.2க்கும் 0.8க்கும் இடையே வருமாறு கரைசலைத் தயாரிப்பது நல்லது. அதற்கு மேல் போனால் நீர்த்து மறுபடி அளவிடுங்கள்.

செய்முறை இதுதான். அமிலம் சேர்த்த நீர்த்த ஃபெரிக் கரைசலைத் தாராளமாகத் தயாரித்துக்கொள்ளுங்கள். தூய சாலிசிலிக் அமிலத்தைக் கொஞ்சம் எத்தனாலில் கரைத்து, ஃபெரிக் கரைசலால் நீர்த்து, 0.1, 0.2, 0.3, 0.4 மில்லிமோலார் செறிவில் நான்கு குடுவைகள். அதே அளவு எத்தனாலும் ஃபெரிக் கரைசலும் மட்டும் உள்ளது பிளாங்க், அதாவது கருவியைச் சுழியில் நிறுத்த வைக்கும் ஒப்பீட்டுக் கரைசல். வெறும் தண்ணீரை பிளாங்க்காக வைக்காதீர்கள், ஃபெரிக் கரைசலுக்கே மஞ்சள் சாயல் உண்டு. உங்கள் பொடியில் 100 மில்லிகிராம் எடைபோட்டு, எத்தனாலில் கரைத்து, 100 மி.லி. குடுவையில் ஃபெரிக் கரைசலால் குறிவரை நிரப்புங்கள். கரைத்ததும் தாமதிக்காமல் அளந்துவிட வேண்டும். ஆஸ்பிரின் தண்ணீரில் மெல்ல உடைந்து சாலிசிலிக் அமிலமாகிக்கொண்டே இருக்கும். காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இல்லாத கலப்பை நீங்களே உண்டாக்குகிறீர்கள். வீட்டில் நாள்பட்ட ஆஸ்பிரின் பாட்டிலைத் திறந்தால் வினிகர் வாடை வருவதும் இதே உடைவால்தான், அது விடுபட்ட அசெட்டிக் அமிலம்.

குவெட்டை மங்கலான பக்கங்களைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். தெளிந்த பக்கத்தில் விரல் பட்டால் டிஷ்யூவால் மென்மையாகத் துடையுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் மெல்லத் தட்டிவிடுங்கள். 530இல் அளக்கக் கண்ணாடி குவெட்டே போதும். பின்னாளில் 300க்குக் கீழே போகும்போது மட்டும் குவார்ட்ஸ் கட்டாயம், கண்ணாடி அந்தப் புற ஊதாவைத் தானே விழுங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. நான்கு குடுவைகளும் 0.15, 0.30, 0.45, 0.60 என்று காட்டின என வைத்துக்கொள்வோம். நேர்கோடு, ஒரு மில்லிமோலாருக்கு 1.5 என்ற சாய்வு. உங்கள் பொடிக் கரைசல் 0.12 காட்டினால் செறிவு 0.08 மில்லிமோலார். சாலிசிலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 138, ஆகவே லிட்டருக்கு 11 மில்லிகிராம், 100 மி.லி.யில் 1.1 மில்லிகிராம். பொடியில் 1.1 சதவீதம் சாலிசிலிக் அமிலம். ஆனால் 0.12 என்பது 0.15க்கும் கீழே, கோட்டுக்கு வெளியே விழுகிறது. கோட்டை நீட்டிப் படித்தால் விடை வரும், நம்பிக்கை குறையும். 0.05 மில்லிமோலாரில் இன்னொரு குடுவை தயாரித்துக் கோட்டைக் கீழே இறக்குவதுதான் முறை. ஐஆர் ‘சுத்தம்’ என்று விட்டுவிட்ட அதே பொடியில் இவ்வளவு தெரியும் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாம் கேள்வி: எது எதோடு சேர்ந்திருக்கிறது?

ஐஆர் தொகுதிகளைச் சொன்னது. அவை மூலக்கூறில் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதற்கு என்எம்ஆர், காந்தப்புலத்தில் அணுக்கருக்களை ரேடியோ அலையால் புரட்டிப் பார்க்கும் முறை. புதியவர் தானாக ஓட்டும் கருவியில்லை இது. சாம்பிளைக் கொடுத்து வரைபடம் வாங்கும் நிலையில்தான் பெரும்பாலோர் இருப்பீர்கள். 400 மெகாஹெர்ட்ஸ் கருவியின் காந்தம் 9.4 டெஸ்லா. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அருகில் போகக் கூடாது, இரும்புச் சாமான்களை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்தக் காந்தச் சுருளைக் குளிரவைத்திருப்பது திரவ ஹீலியம். சூரிய விளிம்பில் ஒரு மஞ்சள் கோடாக மட்டும் அறிமுகமான அதே தனிமம்.

உங்கள் வேலை சாம்பிளை நன்றாக உலர்த்தி, சில மில்லிகிராமை டியூட்டேரியம் ஏறிய குளோரோஃபார்மில் தெளிவாகக் கரைத்துக் கொடுப்பது. வரைபடத்தில் ஆஸ்பிரினின் மெத்தில் தொகுதி 2.35 பிபிஎம்மில் (என்எம்ஆர் வரைபடத்தின் கிடை அளவு அலகு) ஒற்றை பீக்காக நிற்கும். வளையத்து ஹைட்ரஜன்கள் நான்கும் 7.1 முதல் 8.1 வரை பரவியிருக்கும். பரப்பளவை ஒப்பிட்டால் 3க்கு 4 வர வேண்டும். அதோடு 2.10இல் ஒரு சிறிய பீக் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கழுவும்போது தங்கிவிட்ட அசெட்டிக் அமிலம். 7.26இல் வருவது கரைப்பானில் எஞ்சிய சாதாரண குளோரோஃபார்ம். அதையும் வளைய ஹைட்ரஜன் கணக்கில் சேர்த்து, விகிதம் சரியில்லையே என்று குழம்புவோர் நிறைய.

ராமன்: மறுபக்கக் கேள்வி

இதுவரை சொன்னதெல்லாம் மூலக்கூறு விழுங்கிய ஒளியைப் பற்றி. விழுங்காமல் சிதறடிக்கும் ஒளியிலும் தகவல் உண்டு. சிதறும் ஒளியில் மிகப் பெரும்பகுதி வந்த நிறத்திலேயே திரும்பும். கோடியில் ஓரிரு ஃபோட்டான் அளவுக்கு மட்டும் மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டோ வாங்கிக்கொண்டோ நிறம் மாறி வெளியேறும். திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனும், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் 1928இல் அந்த நிறமாற்றத்தைப் பிடித்தார்கள். லேசர் அப்போது கிடையாது. சூரிய ஒளியைக் குவித்து, ஒரு வடிகட்டியால் நீல–ஊதாவை மட்டும் திரவத்துக்குள் அனுப்பி, அந்த நிறத்தை மறைக்கும் இன்னொரு வடிகட்டி வழியாகப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியக் கூடாத இடத்தில் மங்கலான ஒளி தெரிந்தது. பிப்ரவரி 28ஐ தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுவது இதற்காக. 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு வந்தது.

பிணைப்பு அதிரும்போது மின்னூட்டச் சமநிலை மாறினால் ஐஆரில் பலமாகத் தெரியும். எலக்ட்ரான் மேகத்தின் நெகிழ்வு மாறினால் ராமனில் தெரியும். கார்பன் டைஆக்சைடின் இரு பக்கமும் ஒன்றாக நீளும் அதிர்வு ஐஆருக்குத் தெரியாது, ராமனுக்குத் தெரியும். தண்ணீர் ராமனில் பலவீனமாக இருப்பதால் நீர்க்கரைசலைத் தாராளமாக அளக்கலாம். கண்ணாடிப் புட்டியைத் திறக்காமலே உள்ளிருக்கும் மாத்திரையைச் சோதிக்கலாம். நம் பொடிக்கு இது அவசியமில்லை. ஆனால் ஈரத்தோடு போராடிக் களைத்தவர்கள் இந்த வழியை நினைவில் வையுங்கள். சாம்பிள் ஒளிர்ந்து பேஸ்லைனை மூழ்கடித்தால் 532 நானோமீட்டர் லேசரை விட்டு 785க்கு மாறுவது வழக்கமான தீர்வு.

கருவி இல்லாத கல்லூரியில் இருப்பவர்கள்

ஐஐடி மெட்ராஸில் உள்ள சைஃப் என்ற நவீன பகுப்பாய்வுக் கருவிகள் மையம் வெளியாரின் சாம்பிள்களையும் கட்டணம் வாங்கிக்கொண்டு பரிசோதித்துத் தருகிறது. அனுப்பும் முன் என்ன கேள்விக்கு விடை வேண்டும் என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். ‘எல்லாம் எடுத்துத் தாருங்கள்’ என்று அனுப்பினால் செலவும் கூடும், வரும் வரைபடத்தில் எதைத் தேடுவதென்றும் தெரியாது. ஒப்பிடுவதற்கான நம்பகமான நிறமாலைகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன: அமெரிக்காவின் நிஸ்ட் கெமிஸ்ட்ரி வெப்புக், ஜப்பானின் எஸ்டிபிஎஸ். அங்கே எடுக்கும்போது திண்மமா, கரைசலா, எந்தக் கரைப்பான் என்று பார்த்து, உங்களுடையதைப் போன்றதையே ஒப்பிடுங்கள். கரைசலில் எடுத்த கார்போனைல் பீக்கும் வில்லையில் எடுத்ததும் சில செ.மீ⁻¹ தள்ளியிருப்பது இயல்பு.

உங்கள் வரைபடத்தின் ஓரத்திலும் அதே விவரங்கள் இருக்க வேண்டும்: தேதி, சாம்பிள் எண், வில்லையா ஏடிஆரா, கரைப்பான், செறிவு, பின்னணி எப்போது எடுத்தது. அதற்குக் கீழே முதலில் காகிதத்தில் எழுதிய இரண்டு வரிகளை ஒட்டி வையுங்கள், இருக்க வேண்டியது எது, இருக்கக் கூடாதது எது என்று. வரைபடம் அதோடு முரண்பட்டால் பொடியைச் சந்தேகிக்கும் முன் புரோமைடு உலர்ந்திருந்ததா என்று பாருங்கள். உலர்ந்ததுதான் என்றால், பொடியைச் சூடான எத்தனாலில் கரைத்து, தண்ணீர் விட்டு மறுபடிகமாக்கி, உலர்த்தி, இன்னொரு முறை எடுங்கள். 3240இல் இருந்தது அப்போது குறைந்திருந்தால் அது சாலிசிலிக் அமிலமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எவ்வளவு மிச்சம் என்பதை ஃபெரிக் கரைசலில் மறுபடி அளந்துகொள்ளலாம்.